சமையலறைச் சரித்திரம் – 17: சுமை அறிந்த யந்திரம்

மட்டாஞ்சேரியில் பஜார் ரோட்டிலிருந்து உள்வாங்கிச் செல்லும் சந்துகளில், மழைக்காலத்தின் உக்கிரம் தணிந்து வெயில் தலைகாட்டும் நாட்களில், கையில் உளியும் சுத்தியலுமாக, ‘அம்மி கொத்தணுமா, ஆட்டுக்கல் கொத்தணுமா’ என்று கூவிக்கொண்டு வரும் முதியவர் ஒருவரை, அந்தச் சந்துகளில் குழந்தைப் பருவத்தைக் கழித்து இன்று அறுபது வயதைக் கடந்துவிட்ட என் போன்றவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பின்கட்டில் குந்தி உட்கார்ந்து, பல மாத அரவையில் வழவழத்துப்போன கல்லின் முகத்தில் அவர் புள்ளி புள்ளியாக உளியை இறக்கிக்கொண்டு போகும்போது, தெறிக்கும் கருங்கல் துகளுக்கு அஞ்சி எங்களைத் தூரத்தில் நிற்கச் சொல்லுவார். கொத்தி முடித்த கல்லில் என் அத்தை முதலில் தவிட்டை அரைத்துக் கொட்டுவாள். கல்பொடி முழுவதும் போய்விட்டதென்று விரலால் தடவிப் பார்த்துத் திருப்தியடைந்த பிறகே அன்றைய தேங்காயை அதன்மேல் வைப்பாள்.

மிக்ஸியின் சரித்திரத்தை அம்மி கொத்துகிறவரிடமிருந்து தொடங்குவதற்குக் காரணம் உண்டு. கல் என்றால் தலைமுறை தலைமுறையாகக் கெடாமல் கிடப்பது என்று நாம் எண்ணிவிடுகிறோம். உண்மையில் கல்லும் கெடும். வழவழத்த அம்மியில் மிளகாய் நழுவுமே தவிர அரைபடாது. ஆயினும் ஒரு வீட்டிலும் ‘அம்மி பழுதாகிவிட்டது, இன்று சமையல் இல்லை’ என்ற பேச்சு எழுந்ததில்லை. ஏனெனில் அது எப்படிக் கெடும் என்பது அரைக்கிறவளுக்கு முன்கூட்டியே தெரியும். கெடுவதும் ஒரே நாளில் நேராமல் சிறுகச் சிறுக நேரும். அதைச் சரிசெய்யத் தெரிந்தவரோ வாசலுக்கே வந்து கூவுவார். நம்பகமான சாதனம் என்று ஒன்றைச் சொல்லுவதற்கு இந்த மூன்றும் வேண்டும் என்பது என் அபிப்பிராயம். மின்சார அரவை யந்திரம் இந்த மூன்றையும் அடைவதற்கு எவ்வளவு பிரயத்தனப்பட வேண்டியிருந்தது என்பதே இந்த அத்தியாயத்தின் விஷயம்.

சென்ற அத்தியாயத்தில் கோயம்புத்தூரைப் பார்த்தோம். 1955-ஆம் ஆண்டில் சபாபதி என்பவர் ஆட்டுக்கல்லையே மின்சாரத்தால் சுழலவைத்த முயற்சியையும், அந்த ஊர்க் கிரைண்டர் பிற்காலத்தில் புவிசார் குறியீடு பெறும் அளவுக்குப் பிரசித்தியடைந்ததையும் விவரித்திருந்தேன். அது கல்லைக் கைவிடாத வழி. இன்று பார்க்கப்போவது கல்லை அறவே விட்டுவிட்டு, எஃகு அலகை அசுர வேகத்தில் சுழற்றும் வழி. இந்த வழி நம் நாட்டில் பிறந்ததன்று. இரவல் வாங்கி, இங்கே வந்து தோற்று, பிறகு இங்கேயே மறுபிறவி எடுத்தது.

அமெரிக்காவில் விஸ்கான்சின் மாகாணத்து ராசீன் நகரம் சிறு மின்மோட்டார்களுக்குப் பெயர்பெற்ற ஊர். நேர்மின்சாரம், மாறுமின்சாரம் இரண்டிலும் ஓடக்கூடிய, கைக்கடக்கமான, அதிவேக மோட்டாரை வீட்டுச் சாமான்களில் பொருத்துகிற தொழில் 1910-ஆம் ஆண்டை ஒட்டி அங்கே செழிக்கத் தொடங்கியது. அதே நகரத்தில் ஸ்டீஃபன் போப்லாவ்ஸ்கி என்பவர், பாத்திரத்தின் அடியில் சுழலும் அலகை வைத்து, பாலையும் மால்ட் பொடியையும் கலக்குவதற்கான ஒரு யந்திரத்துக்கு 1922-இல் உரிமை கோரினார். பதினைந்து வருஷங்களுக்குப் பின், வாத்தியக் குழு ஒன்றின் தலைவராகப் புகழ்பெற்றிருந்த ஃபிரெட் வாரிங் என்பவர் இத்தகைய யந்திரம் ஒன்றில் பணம் போட்டு, ஆறு மாதமும் 25,000 டாலரும் செலவழிந்த பிறகும் அது ஒழுங்காக ஓடவில்லையென்று கண்டு, மறுபடியும் ஆட்களை வைத்து வடிவத்தைத் திருத்தி, 1937-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். கலக்கி என்ற சாதனம் பிறந்த வீட்டிலேயே திருத்தம் வேண்டி நின்ற சாதனம் என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

எனினும் அங்கே அதற்கு விதிக்கப்பட்ட வேலை என்ன? பால், பழரசம், ஐஸ், வேகவைத்த காய், சூப்பு. பெரும்பாலும் திரவம், அரை நிமிஷம், ஒரு நிமிஷம், வாரத்தில் சில தடவை. இந்த வேலைக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை அது. அதை மட்டாஞ்சேரிக்குக் கொண்டுவந்து மாட்டினால் என்ன ஆகும் என்பதை அறிய, மட்டாஞ்சேரி என்னென்னவற்றை அரைக்கிறது என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

சில நூறு கெஜ தூரத்துக்குள் கொங்கணிகளும் குஜராத்திகளும் கச்சி மேமன்களும் தமிழர்களும் மலையாளிகளும் நெருங்கி வாழ்ந்த ஊர் அது. யூதர் தெருவில் அப்போது இன்னும் சில யூதக் குடும்பங்கள் எஞ்சியிருந்தன. ஒவ்வொரு வீட்டுப் பின்கட்டிலும் ஒவ்வொரு விதமான அரவை. மலையாளி வீட்டில் தேங்காயையும் மல்லியையும் சிவக்க வறுத்து, எண்ணெய் கசியும்வரை அரைத்துத் தீயல் வைப்பார்கள். அந்த விழுது முதலில் பொடியாகவும், பிறகு பசையாகவும், பிறகு எண்ணெயாகவும் அம்மியின்மேல் மூன்று அவதாரம் எடுக்கும். கொங்கணி வீட்டில் தேங்காயும் சிவந்த மிளகாயும் புளியும் சேர்ந்த மசாலை, சந்தனம்போல் இழைய வேண்டும். குஜராத்தி வீட்டில் டோக்ளாவுக்குக் கடலைப்பருப்பு ஊறும். எங்கள் வீட்டில் நாள் தவறாமல் தேங்காய்ச் சட்டினி, வாரத்துக்கு இருமுறை தோசைமாவு, அமாவாசைக்கு வடைமாவு. வடைமாவில் தண்ணீர் விடலாகாது என்பது அத்தையின் கண்டிப்பான கட்டளை. அதனால் உளுந்து அரைபடும்போது குழவி கையோடு ஒட்டிக்கொண்டு வரும். போதாக்குறைக்கு, இஞ்சியும் மஞ்சளும் மிளகும் மூட்டை மூட்டையாக வந்திறங்கும் சந்தை அது. கிடங்குகளின் காற்றே காரம் மணக்கும். உலர்ந்த விரலி மஞ்சளை வீட்டிலேயே பொடித்துக்கொள்கிற வழக்கம் அங்கே பலருக்கு இருந்தது. விரலி மஞ்சளின் கடினத்தைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அது கிழங்காகப் பிறந்து கல்லாக மாறிய வஸ்து.

இந்த அரவைக்குப் பின்னால் இருந்த தேக சிரமத்தைப் பற்றி நம்முடைய சரித்திர ஆசிரியர்கள் போதுமான அளவு எழுதவில்லை என்று நான் வருந்துகிறேன். என் அத்தைக்கு வலது தோள் இடது தோளைவிடத் தாழ்ந்திருந்தது. நாற்பது வருஷம் விடியற்காலையில் எழுந்து அம்மிக்கு முன் மண்டியிட்டதன் பலன் அது. அம்மிச் சட்டினியின் ருசி மிக்ஸிச் சட்டினிக்கு வருமா என்று கேட்கிறவர்களோடு எனக்கு விவாதமில்லை. வராது என்றே ஒப்புக்கொள்கிறேன். நசுக்கப்படும் தேங்காய்க்கும் வெட்டப்படும் தேங்காய்க்கும் வித்தியாசம் உண்டு. வேகத்தில் பிறக்கும் சூடு வாசனையைச் சற்றுக் குறைக்கவும் செய்யும். ஆனால் அந்த ருசிக்காக யாருடைய தோள் தாழ்ந்தது என்பதையும் ருசித்தவர்கள் நினைத்துப் பார்த்திருக்க வேண்டும்.

இத்தகைய வீட்டுக்கு, கப்பலில் வேலை பார்த்த உறவினர் ஒருவர், எழுபதுகளின் தொடக்கத்தில், வெளிநாட்டுக் கலக்கி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். எந்த ஊர்க் கம்பெனி என்பது இங்கே அவசியமில்லை. கண்ணாடிச் சாடியும் வெள்ளை உடம்புமாக அது வெகு அழகாக இருந்தது. முதல் நாள் மோர் கலக்கிற்று, எல்லோரும் கைதட்டினோம். இரண்டாம் வாரம் அத்தை அதில் வடைக்கு ஊறவைத்த உளுந்தைப் போட்டாள். அலகு சிறிது நேரம் சுழன்றது. பிறகு அலகைச் சுற்றியிருந்த மாவு மட்டும் குழிந்துபோக, மேல் மாவு குடைபோல் அசையாமல் நின்றது. அத்தை கரண்டியால் தள்ளினாள். யந்திரத்தின் குரல் கனத்து, தாழ்ந்து, முனகலாகி நின்றது. அடுத்த க்ஷணம் கரிந்த அரக்கின் வாசனை சமையலறையை நிறைத்தது. அதைப் பழுதுபார்க்கக் கூடியவர் கொச்சியில் ஒருவரும் இல்லை. அத்தை அதன் கண்ணாடிச் சாடியில் பல வருஷம் கல்லுப்பு போட்டு வைத்திருந்தாள்.

அன்று என்ன நடந்தது என்பதைச் சற்று விளக்கிச் சொல்ல வேண்டும்; ஏனென்றால் பின்வரும் திருத்தங்கள் யாவும் அந்த ஒரு நிமிஷத்திலிருந்தே பிறக்கின்றன. மிக்ஸியில் உள்ளது யுனிவர்சல் மோட்டார். சுமையில்லாமல் ஓடும்போது நிமிஷத்துக்குச் சுமார் 18,000 முதல் 20,000 தடவை சுழலும். அதன் நடுவிலுள்ள ஆர்மேச்சர் சுழலும்போது, உள்ளே வரும் மின்சாரத்துக்கு எதிராக ஒரு மின்னழுத்தத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். அந்த எதிர்ப்புதான் மின்னோட்டத்தை அளவுக்குள் நிறுத்துகிறது. அலகு மாவில் சிக்கி மோட்டார் தயங்கினால் எதிர்ப்புக் குறையும். எதிர்ப்புக் குறைந்தால் மின்னோட்டம் பெருகும். மின்னோட்டம் இரு மடங்கானால் கம்பிச்சுருளில் பிறக்கும் வெப்பம் நான்கு மடங்காகும். இதோடு போனாலும் தப்பிக்கலாம். மோட்டாரைக் குளிர்விக்கும் சிறு விசிறி அதே தண்டில்தான் பொருத்தப்பட்டிருக்கிறது. ஆகவே எந்த நேரத்தில் வெப்பம் மிகுகிறதோ அதே நேரத்தில் விசிறியும் தளர்ந்துவிடுகிறது. காய்ச்சல் ஏறும்போது வைத்தியரும் மயங்கி விழுவதற்கு ஒப்பான நிலை இது. செம்புக் கம்பியின்மேல் பூசிய வார்னிஷ் கரிய, சுற்றோடு சுற்று ஒட்டி, மோட்டார் மாண்டுபோகிறது.

எங்கள் வீட்டில் நடந்ததற்குப் பல வருஷங்களுக்கு முன்பே இது வேறொரு வீட்டில் நடந்திருந்தது. அந்த வீட்டில் நடந்ததுதான் சரித்திரமாயிற்று. பம்பாயில் ஸீமென்ஸ் கம்பெனியில் எஞ்சினீயராக இருந்தவர் சத்ய பிரகாஷ் மாத்துர். அவருடைய மனைவி மாதுரியிடம் ஜெர்மானியத் தயாரிப்பான பிரௌன் கலக்கி ஒன்று இருந்தது. அது இந்திய அரவையைத் தாங்காமல் எரிந்துபோயிற்று. இங்கே அதைப் பழுதுபார்க்க வழியில்லை. அந்தக் கருவியைக் குறை சொல்லுவது நியாயமாகாது. தனக்கு விதித்த வேலைக்கு அது சிறந்த கருவியே. இன்னொரு சமையலறையின் சுமையை அதன் தலைமேல் ஏற்றியதுதான் தவறு. மாத்துர், எரிந்த மோட்டாருக்குப் பதில் மற்றொரு மோட்டாரைப் பொருத்துவதோடு நில்லாமல், அரவை என்ற காரியத்தையே அளவுகோலாக வைத்து யந்திரத்தை முதலிலிருந்து சிந்திக்கத் தொடங்கினார். 1963-இல் பவர் கண்ட்ரோல் அண்ட் அப்ளையன்ஸஸ் என்ற நிறுவனம் உருவாகி, அந்த யந்திரம் ‘சுமீத்’ என்ற பெயரோடு வெளிவந்தது. நல்ல நண்பன் என்று பொருள்படும் பெயர்.

எஞ்சினீயரின் புத்திகூர்மையைப் பாராட்டாதவர் இல்லை. எனக்கோ அதைவிடப் பெரிதாகத் தோன்றுவது, அந்த வீட்டில் அரைக்கிறவரின் முறையீடு காதில் ஏறியது என்பதே. எத்தனையோ வீடுகளில், சாமான் கெட்டால் ‘நீ ஏன் அதில் உளுந்தைப் போட்டாய்’ என்று ஸ்திரீயையே குற்றம் சொல்லுவார்கள். என் மாமாவும் அப்படித்தான் சொன்னார். உளுந்து அரைக்காத யந்திரம் இந்த வீட்டுக்கு எதற்கு என்று அத்தை திருப்பிக் கேட்டதை, அன்று நாங்கள் கோபத்தில் சொன்ன வார்த்தையாக எடுத்துக்கொண்டோம். அந்த ஒரு கேள்வியில் இந்திய மிக்ஸியின் வடிவ சாஸ்திரம் முழுவதும் அடங்கியிருந்தது என்று இப்போது தெரிகிறது.

அப்படித் தோன்றி, பல கைகளால் பல வருஷங்களில் திருந்திய இந்திய மிக்ஸியைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தால், ஒவ்வோர் உறுப்பும் ஒரு பழைய விபத்துக்கு எழுதப்பட்ட மறுமொழியாகத் தெரியும். முதலாவது மோட்டார். சாதாரண வீட்டு மிக்ஸிக்கே இன்று 500 முதல் 750 வாட். தயங்கும்போது பெருகும் வெப்பத்தைச் சற்று நேரமாவது பொறுக்கும்படி கனத்த கம்பியும் தடித்த இரும்பும். அடியில் காற்று புகவும் வெளியேறவும் தாராளமான இடைவெளிகள். அவற்றின் பக்கத்தில் ஒரு சிறு சிவப்புப் பொத்தான் இருக்கும். அளவு மீறி மின்னோட்டம் பாய்ந்தால் அது தானே துள்ளி யந்திரத்தை நிறுத்திவிடும். சில நிமிஷம் ஆறவிட்டு விரலால் அழுத்தினால் மறுபடி ஓடும். எங்கள் வீட்டில் செத்துப்போன கலக்கியில் இந்தப் பொத்தான் ஒன்று இருந்திருந்தால், அத்தை கல்லுப்புக்கு வேறு ஜாடி தேடியிருப்பாள்.

ஆனால் நான் மிகவும் வியக்கும் உறுப்பு கப்ளர் என்ற அற்பமான வில்லை. மோட்டாரின் தண்டையும் ஜாரின் அலகையும் இணைப்பது அது. மோட்டார் இரும்பு, அலகு எஃகு. நடுவில் இருக்கும் இது மட்டும் பெரும்பாலும் ரப்பர் அல்லது பிளாஸ்டிக். இது சிக்கனம் என்று முன்பு நினைத்திருந்தேன். உண்மையில், மென்மையான பொருளானதால் அலகின் அதிர்ச்சியை அது மோட்டாருக்குக் கடத்துவதில்லை. ஏதாவது அடியோடு சிக்கிக்கொண்டால் முதலில் பல் உடைந்து வழிவிடுவதும் அதுதான். ஆர்மேச்சர் கருகினால் புது மிக்ஸி வாங்குவதா என்று யோசிக்க வேண்டியிருக்கும். கப்ளர் உடைந்தாலோ கடைவீதிக்கு ஒரு நடை போதும். எது உடையலாம், எது உடையலாகாது என்று முன்கூட்டியே தீர்மானித்து, மலிவானதை முன்னால் நிறுத்தியிருக்கிறார்கள். வெள்ளத்தில் அணை முழுவதும் போகாமலிருக்கக் கலிங்கு வைத்த நம் முன்னோர்களின் யோசனையும் இந்த ஜாதியைச் சேர்ந்ததே.

கண்ணாடிச் சாடி போய் எவர்சில்வர் ஜார் வந்தது. சூடான மல்லியும் மிளகாயும் போட்டால் விரிசல் விடாது, கீழே விழுந்தால் நசுங்குமே தவிர நொறுங்காது. ஒரே ஜாரில் எல்லாவற்றையும் அரைக்கும் பேராசை கைவிடப்பட்டது. ஈர அரவைக்குப் பெரியது, பொடிக்கு நடுத்தரம், சட்டினிக்குச் சிறியது என்று மூன்றாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு அலகு. சட்டினி ஜார் சிறிதாக இருப்பதில் சூட்சுமம் உண்டு: அரை மூடித் தேங்காயைப் பெரிய ஜாரில் போட்டால் அது சுவரோரம் ஒதுங்கி நிற்கும், சிறிய ஜாரில் ஒதுங்க இடமில்லாமல் திரும்பத் திரும்ப அலகின்மேல் வந்து விழும். ஜாரின் அடியில் அலகுத் தண்டு நுழையும் இடத்தில் புஷ் என்ற உறை, அதற்கு வாஷர். எவ்வளவு இறுக்கினாலும் சில வருஷத்தில் அந்த வழியாகத் தண்ணீர் கசியத்தான் செய்யும் என்பதை ஒப்புக்கொண்டு, கசிந்த நீர் மோட்டாருக்குள் இறங்காமல் வெளியேற மேல்தட்டில் ஒரு துவாரமும் வைத்தார்கள். தவறே நேராது என்று நம்பும் வடிவத்தைவிட, தவறு நேர்ந்தால் எந்த வழியாக வெளியேற வேண்டும் என்று யோசித்த வடிவம் மேலானது.

சுமீத் வந்த பிறகு நாடெங்கும் மற்றவர்கள் வந்தார்கள். சென்னையில் 1978-இல் டி.டி. வரதராஜன் தொடங்கிய ப்ரீத்தி, தென்னாட்டு வீடுகளில் வேரூன்றி, 2011-இல் பிலிப்ஸ் நிறுவனத்தின் கைக்குப் போயிற்று. அதே 2011-இல் தமிழ்நாட்டு அரசாங்கம் விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறித் திட்டத்தைத் தொடங்கவே, அம்மியைத் தவிர வேறொன்றும் அறியாதிருந்த குடிசைகளுக்குள்ளும் இந்த யந்திரம் நுழைந்தது. இந்தியத் தர நிர்ணயமும் வீட்டுக் கலக்கிகளுக்கென்று தனியே ஐ.எஸ். 4250 என்ற இலக்கத்தில் விதிகளை வகுத்தது. மிக்ஸியின் பெயர்த்தகட்டில் ‘30 நிமிடம்’ என்று பொறித்திருப்பதைப் பலர் பார்த்திருப்பார்கள். ஆனால் படித்திருக்க மாட்டார்கள். இடையிடையே ஓய்வு கொடுத்து இவ்வளவு நேரம் வேலை வாங்கலாம் என்பதற்கான வாக்குறுதி அது. சுமீத்தின் பெயரோ, குடும்பத்துக்குள் பிரிவினை நேர்ந்து, யாருக்குச் சொந்தம் என்ற வழக்காகி, 1994-இல் சுப்ரீம் கோர்ட்டு வரை சென்றது. ஒரு வியாபாரக் குறிக்கு ஒரே மூலமும் ஒரே உடையவரும்தான் இருக்க முடியும் என்ற தத்துவத்தை வலியுறுத்துவதற்கு வக்கீல்கள் இன்றும் அந்தத் தீர்ப்பை எடுத்துக்காட்டுகிறார்கள். நல்ல நண்பன் என்ற பெயர் அப்படி ஒரு வழக்கில் இடம்பெற்றது எனக்கு வருத்தமே.

மறுபடி கொச்சிக்கு வருவோம். மோட்டார் எவ்வளவு திடமாக இருந்தாலும், அதற்கு ஆகாரமாகிய மின்சாரம் திடமாக இல்லாவிட்டால் என்ன பயன்? 1957-இல் மின்சார வாரியம் அமைந்து, மலைகளிலிருந்து நீர்மின்சாரம் இறங்கிக்கொண்டிருந்தபோதிலும், கம்பியின் கோடியிலிருந்த வீடுகளுக்குச் சாயங்கால வேளைகளில் வந்து சேர்ந்தது மீதி மின்சாரமே. பல்பின் இழை செம்பருத்திப்பூ நிறத்தில் தொங்கும். அந்த வேளையில் மிக்ஸியைப் போட்டால், அது அரைகுறை வேகத்தில் கனத்த குரலில் சுழலும், விசிறியும் தளரும், நான் மேலே சொன்ன காய்ச்சல் தொடங்கும். ஆகையால் அத்தை ராத்திரிக்கு வேண்டிய அரவையை மத்தியானமே முடித்துவிடுவாள். எந்த எஞ்சினீயரும் அவளுக்கு அதைச் சொல்லிக் கொடுக்கவில்லை. யந்திரத்தின் குரலைக் கேட்டே தெரிந்துகொண்டாள். இந்த ஊரின் இந்தக் குறையிலிருந்தே ஒரு தொழில் பிறந்ததையும் சொல்ல வேண்டும். 1977-இல் கொச்சவுசேப் சிட்டிலப்பிள்ளி என்பவர், தந்தையிடம் பெற்ற ஒரு லட்சம் ரூபாய்க் கடனோடும் இரண்டு தொழிலாளிகளோடும், மின்னழுத்தத்தைச் சமன்செய்யும் ஸ்டெபிலைசர்களைக் கொச்சியில் செய்யத் தொடங்கினார். வி-கார்டு என்று நாடு முழுவதும் அறியப்படுவது அதுதான். உள்ளே இருப்பது ஒரு டிரான்ஸ்ஃபார்மரும், அழுத்தம் தாழும்போதும் உயரும்போதும் இணைப்பை மாற்றிவிடும் ரிலேக்களுமே. பெரும்பாலும் குளிர்பெட்டிக்கும் டெலிவிஷனுக்கும் அதை வாங்கினார்கள். மிக்ஸிக்கு யாரும் அந்த மரியாதை செய்யவில்லை. அது தன் பலத்தையே நம்பி இருந்தது.

மின்சாரத்துக்கு அடுத்தது காற்று. மட்டாஞ்சேரியின் காற்றில் உப்பும் ஈரமும் வருஷம் முழுவதும் உண்டு. ஜூன், ஜூலை மாதங்களில் சுவரே வியர்க்கும். திருகாணி துருப்பிடிக்கும், சுவிட்சின் உள்ளே இருக்கும் செம்பு பச்சை பூக்கும், சில வாரம் ஓடாமல் வைத்த மிக்ஸியின் ஜார்த் தண்டு புஷ்ஷோடு இறுகிக்கொள்ளும். ஊரை விட்டுத் தீர்த்த யாத்திரை போகும்போது, அத்தை ஜாரின் அடியில் இரண்டு சொட்டுத் தேங்காயெண்ணெய் விட்டுக் கையால் சுற்றி வைத்துவிட்டுப் போவாள். வீட்டு எண்ணெய் யந்திரத்துக்கு ஏற்றதா என்று நிபுணர்கள் ஆட்சேபிக்கலாம். அவளுடைய ஜார் இறுகியதில்லை.

எழுபதுகளின் பிற்பகுதியில் எங்கள் வீட்டுக்குச் சுதேசி மிக்ஸி வந்தபோது, அதைத் தொட அத்தை ஒரு மாதம் மறுத்தாள். எரிந்த வாசனை அவள் மூக்கிலேயே இருந்தது. பிறகு ஒரு நாள், வீட்டில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, உளுந்தைக் கொஞ்சமாகப் போட்டு, நிறுத்தி நிறுத்தி அரைத்துப் பார்த்திருக்கிறாள். நாங்கள் திரும்பி வந்தபோது வடை தயாராக இருந்தது. ‘கல்லில் அரைத்தது மாதிரி உப்பவில்லை’ என்றாள். ஆனால் மறுநாள் முதல் அம்மியின்மேல் முறங்கள் குடியேறின. உளி முதியவர் அதற்குப் பின்னும் இரண்டு மூன்று வருஷம் வந்தார். கொத்துவதற்கு வேலை இல்லாவிட்டாலும், அத்தை அவருக்குக் காப்பி கொடுத்து, கையில் ஏதாவது வைத்தனுப்புவாள்.

அவர் வருகை நின்றபின் அவருடைய இடத்துக்கு வந்தவர், கடைவீதிச் சந்தில் ஒற்றைக் கதவுக் கடை வைத்திருந்த மெக்கானிக். கடை என்று பெயரே தவிர, ஒரு பெஞ்சியும் ஒரு பல்பும் டப்பாக்களுமே. ஒரு டப்பாவில் கப்ளர், ஒன்றில் வாஷர், ஒன்றில் புஷ், ஒன்றில் கார்பன் பிரஷ். எந்தக் கம்பெனி மிக்ஸிக்கும் அவரிடம் ஏதாவது ஒன்று பொருந்திவிடும். இத்தகைய டப்பாக்கள் ஒவ்வோர் ஊர்ச் சந்திலும் இல்லாதிருந்தால், மாத்துரின் யந்திரமும் வெளிநாட்டுக் கலக்கியின் கதியையே அடைந்திருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. தேய்ந்தால் மாற்றக்கூடிய உறுப்புகளாக அதைப் பிரித்துச் செய்திருந்ததால்தான், எங்கோ பம்பாயில் பிறந்த வஸ்துவை, தொழிற்சாலையின் வாசலைக்கூடப் பார்த்திராத ஒருவர் மட்டாஞ்சேரியில் உயிர்ப்பிக்க முடிந்தது.

அத்தையை அவர் மாமி என்றே அழைப்பார். பெரிய ஜாரை எடுத்துக்கொண்டு அவளோடு நான் ஒரு தடவை போயிருந்தேன். ஜாரைக் கவிழ்த்து, தண்டைக் கட்டைவிரலால் ஒரு சுண்டு சுண்டினார். அது கரகரத்து நின்றது. ‘மாமி, இதில் மஞ்சள் பொடித்தீர்களா?’ என்று கேட்டார். அத்தை என்னைப் பார்த்தாள், கூரையைப் பார்த்தாள், பிறகு, ‘இடித்துத்தான் போட்டேன்’ என்றாள். அவர் சிரிக்கவில்லை. புஷ்ஷைத் தட்டி எடுத்தார். வேறொன்றைத் தட்டி ஏற்றினார். வாஷரை விரலால் ஒருமுறை தடவிப் பார்த்துப் பொருத்தினார். மறுபடி சுண்டினார். தண்டு சத்தமில்லாமல் நெடுநேரம் சுற்றியது. அது நிற்கும்வரை காத்திருந்து, ஜாரை அத்தையின் கையில் கொடுத்து, மஞ்சளை இன்னும் கொஞ்சம் சிறிதாக இடித்துக்கொள்ளுங்கள் என்று சொன்னார்.

(தொடரும்)